மளிகைப் பணம் எந்த வழியாகப் போகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டு தொடங்குகிறேன். மதுரையில் வாடகை வீடு. நீங்கள், கணவர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மளிகை, காய்கறி, பால், அவ்வப்போது ஆப்பில் வரவழைப்பது எல்லாம் சேர்த்து மாதம் 17,000 ரூபாய்க்குக் குறையவில்லை. இரண்டு சூப்பர் மார்க்கெட்டில் விலை ஒப்பிட்டுத்தான் வாங்குகிறீர்கள். அப்படியும் இருபதாம் தேதிக்குமேல் கையைக் கடிக்கிறது. ஓட்டை எங்கே, மொத்தமாக வாங்கினால் மிச்சமாகுமா, ரேஷன் பொருள் வாங்குவது சரிதானா என்று மூன்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடையில் 22 ஆண்டுகள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதியவன். எந்த வீட்டுச் சிட்டை, அதாவது மளிகைப் பட்டியல், எப்படி இருக்கும், எந்தப் பொருளில் கடைக்கு என்ன லாபம் நிற்கும் என்பதைத் தினமும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் கடைக்காரர் பக்கத்திலிருந்து பாருங்கள். அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் நான்கின் விலையும் வாடிக்கையாளர் எல்லோருக்கும் மனப்பாடம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டினால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அதனால் இவற்றில் கடைக்கு நிற்பது மிகக் குறைவு. சர்க்கரையில் கிலோவுக்கு ஒரு ரூபாய் நின்றாலே நல்ல நாள் என்போம். கடை வாடகையும் ஆள் சம்பளமும் வேறு இடத்திலிருந்து வரும். ஏலக்காய், கிராம்பு, கசகசா, சோம்பு, முந்திரி, திராட்சை இவற்றை யாரும் கிலோ கணக்கில் வாங்குவதில்லை. 25 கிராம், 50 கிராம் என்று கேட்பார்கள். கிலோ என்ன விலை என்று கேட்கிறவர் நூற்றில் இரண்டு பேர்கூட இருக்கமாட்டார். கடை நிமிர்ந்து நிற்பது அங்கேதான்.

நீங்கள் இரண்டு சூப்பர் மார்க்கெட்டில் ஒப்பிட்டதாகச் சொன்ன பொருள்களைப் பார்த்தேன். பொன்னி அரிசி, துவரம்பருப்பு, சூரியகாந்தி எண்ணெய், சர்க்கரை. போட்டி கடுமையாக இருப்பதும் லாபம் மிக மெல்லியதாக இருப்பதும் இந்த நான்கில்தான். எவ்வளவு அலைந்தாலும் மாதம் 60, 70 ரூபாய்க்குமேல் மிஞ்சாது. பெட்ரோலுக்கு அது சரியாய்ப் போய்விடும். கூட்டம் சேர்க்கிற கடைகள் சர்க்கரையையும் எண்ணெயையும்தான் வாசலில் விலை குறைத்து எழுதிப் போடுகின்றன. அதற்காக உள்ளே போகிறவர் கூடையில் வேறு என்னென்ன விழுகிறது என்பதில்தான் அவர்கள் கணக்கு இருக்கிறது.

நாடு முழுக்க இதே கதைதான். மத்திய அரசு 2022-23இல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில், நகரத்துக் குடும்பம் தன் மொத்தச் செலவில் அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்குக் கொடுத்தது 3.64 சதவீதம். பானங்கள், நொறுக்குத்தீனி, பாக்கெட் உணவு, வெளியில் வாங்கிச் சாப்பிடுவது என்ற வகைக்குக் கொடுத்தது 10.64 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனாலும் செலவைக் குறைக்க வேண்டும் என்றதும் நம் கை முதலில் அரிசி மூட்டையின் பக்கம்தான் போகிறது. பிள்ளைகளுக்குத் தின்பண்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தச் செலவைத் தனியாக ஒரு மாதம் எழுதிப் பாருங்கள் என்கிறேன். 10 ரூபாய் பாக்கெட் என்பதால் அது செலவு மாதிரியே தெரியாது. விலை ஏறும்போது அந்தப் பாக்கெட்டுகள் 12 ரூபாய் ஆவதில்லை, 10 ரூபாயிலேயே நிற்கும். உள்ளே இருக்கும் கிராம்தான் குறையும். என் கண் முன்னால் பிஸ்கட் பாக்கெட்டுகள் அப்படி இளைத்திருக்கின்றன.

இனி நான் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஓர் அம்மா மாதம் தவறாமல் இரண்டாம் தேதி வருவார். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர் கொண்டுவரும் சிட்டையில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண் இருக்கும். முதல் எண் வீட்டில் மீதி இருப்பது, இரண்டாவது வாங்க வேண்டியது. "உளுந்து, இருப்பு 600, வேண்டியது 1 ½ கிலோ" என்பதுபோல. மற்றவர்கள் சிட்டையில் ஒரே எண்தான் இருக்கும். பலருக்கு அதுவும் போன மாதச் சிட்டையின் நகல்தான். அந்த அம்மா வீட்டில் ஆறு பேர். நான்கு பேர் இருந்த பல வீடுகளைவிட அவர் பில் குறைவாக வரும். ஒருநாள் கேட்டேன். "முதல் தேதி சாயங்காலம் டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பேன் தம்பி, அவ்வளவுதான்" என்றார்.

அந்த அரைமணி நேரம்தான் நான் உங்களுக்குச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய யோசனை. கடைக்குப் போகும் நாளைவிட அதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பணத்தைக் காப்பாற்றும். டப்பாக்களைத் திறந்து மீதியை எழுதுங்கள். மூன்று மாதம் இப்படிச் செய்தால் உங்கள் வீடு உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்பது தெரிந்துவிடும். போன மாதம் வாங்கியது, அதில் மீதி இருப்பது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் உண்மையான அளவு. கடலைப்பருப்பு ஒரு கிலோ வாங்கிவிட்டு அரைக் கிலோதான் செலவழிக்கிறோம் என்பதைப் பல வீடுகள் வண்டு வைத்த பிறகுதான் தெரிந்துகொள்கின்றன. குப்பைக்குப் போகும் அரைக் கிலோவை எந்த ஆஃபரும் ஈடுகட்டாது.

எண்ணெயை மட்டும் அளந்து பாருங்கள். சமையல் எண்ணெய் ஆளுக்கு நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் வீட்டில் இருவர் சிறுபிள்ளைகள் என்பதால் மாதம் 3 லிட்டர் தாராளமாகப் போதும். நீங்கள் 5 லிட்டர் கேன் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கேன் பெரிதாக இருந்தால் கை தாராளமாகச் சாயும். இதை நான் பல வீட்டுக் கணக்கில் பார்த்திருக்கிறேன். கேனே வாங்குங்கள், விலை குறைவுதான். ஆனால் அடுப்புப் பக்கத்தில் ஒரு அரை லிட்டர் தூக்கோ சீசாவோ வைத்து அதில் ஊற்றி எடுங்கள். வாரம் எத்தனை தடவை நிரப்பினீர்கள் என்பது நினைவில் நிற்கும். பாக்கெட் எண்ணெய் வாங்குவதாக இருந்தால் அச்சிட்ட எடையைப் படித்துவிட்டு எடுங்கள். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம் எடை வரும். பார்வைக்கு லிட்டர் பாக்கெட் போலவே இருந்துகொண்டு அதைவிடக் குறைந்த எடையில் வரும் பாக்கெட்டுகள் உண்டு. விலை குறைவு என்று கை அதன்மேல்தான் போகும்.

பாக்கெட்டுகளை ஒப்பிட ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது, கடையில் அதைப் பார்க்கிறவர்கள் குறைவு. எம்.ஆர்.பி.யோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் ஒரு கிராம் இத்தனை ரூபாய் என்றும், அதற்கு மேல் போனால் ஒரு கிலோ இத்தனை என்றும் சின்ன எழுத்தில் இருக்கும். 180 கிராம் பாக்கெட்டையும் 425 கிராம் பாக்கெட்டையும் மனக்கணக்கில் ஒப்பிட முடியாது, இந்த எண்ணை வைத்து ஒப்பிட்டுவிடலாம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். ஷாம்புவில் பாட்டிலைவிடச் சாஷே மில்லிக்கு மலிவாக இருப்பது நம் நாட்டில் சாதாரணம். தேயிலையிலும் சோப்புத்தூளிலும் பெரும்பாலும் பெரிய பாக்கெட் மலிவு. பொருளுக்குப் பொருள் மாறும். எம்.ஆர்.பி.க்குமேல் ஒரு ரூபாய் கேட்டாலும் அது குற்றம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

லூஸில் வாங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையுள்ள பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசி, பருப்பு, மாவு வகைகளுக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. வந்தது. 25 கிலோவுக்குமேல் போனால் இல்லை. கடைக்காரர் மூட்டையைப் பிரித்து எடைபோட்டுத் தருவதற்கும் இல்லை. நம் ஊரில் 25 கிலோ சிப்பம் 26 கிலோவாக மாறியது அதற்குப் பிறகுதான். ஆக, அதே அரிசியை 5 கிலோ பாக்கெட்டாக வாங்கும்போது வரியும் பாக்கெட் கூலியும் உங்கள் தலையில் விழுகிறது. நால்வர் வீட்டுக்கு 26 கிலோ சிப்பம் ஒரு மாதத்துக்குமேல் வரும். அதுவே சரி. பருப்பு வகைகளை எடைபோட்டுத் தரும் கடையில் வாங்கினால், கையில் அள்ளிப் பார்த்து, தூசியும் உடைசலும் எவ்வளவு என்று தெரிந்து வாங்கலாம். தராசில் அந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா, தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்பதை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரை வைப்பது தொழிலாளர் துறையின் வேலை. நாணயமான கடைக்காரர் யாரும் இதற்காகக் கோபப்படமாட்டார்.

அரிசியில் இன்னொரு விஷயம். புது அரிசி கிலோவுக்கு நான்கைந்து ரூபாய் குறைவாக இருக்கும். ஆனால் பழைய அரிசிதான் நீர் அதிகம் பிடித்து நிறைய சோறு காணும், குழையாது. அதே படி அரிசியில் ஒரு ஆள் கூடச் சாப்பிடலாம் என்பார்கள் பெரியவர்கள். அந்த விலை வித்தியாசத்துக்காகப் புது அரிசி எடுப்பதில் லாபமில்லை. கடையில் கேளுங்கள், எந்த மாதத்து நெல் என்று நல்ல வியாபாரி சொல்வார்.

இனிப் பொடிகள். உங்கள் பட்டியலில் சாம்பார்ப் பொடி, மிளகாய்த்தூள், மல்லித்தூள், ரசப்பொடி, குழம்பு மசாலா என்று ஐந்து பாக்கெட். இங்கேதான் வீட்டுக்குள் கைக்கு எட்டும் பணம் இருக்கிறது. ஒரு கிலோ மல்லி, அரைக் கிலோ வரமிளகாய், துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் நூறு நூறு கிராம், மிளகும் சீரகமும் 50 கிராம், கொஞ்சம் வெந்தயம், நூறு கிராம் விரலி மஞ்சள். வெயிலில் காயவைத்து, லேசாக வறுத்து மில்லில் கொடுத்தால் அரவைக்கூலியோடு 350 ரூபாயிலிருந்து 380 ரூபாய்க்குள் முடியும். கழிவு போக ஒன்றே முக்கால் கிலோவாவது தேறும். கிலோ 200 ரூபாயைச் சுற்றித்தான் வருகிறது. 100 கிராம் பாக்கெட்டில் வாங்கினால் கிலோ 400, 500 என்று போகும். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறினாலும் இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளி மாறுவதில்லை. வாசனையும் வேறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரைத்தால் போதும்.

இட்லி மாவும் அப்படித்தான். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. இன்றைய விலையில் 80 ரூபாய் என்று வையுங்கள். தண்ணீர் சேர்ந்து இரண்டே முக்கால் கிலோவுக்குக் குறையாமல் மாவு வரும். கரண்டு, உப்பு எல்லாம் சேர்த்தாலும் கிலோ 32 ரூபாயைத் தாண்டாது. கடை மாவு கிலோ 45, 50. நீங்கள் வாரம் மூன்று கிலோ வாங்குவதாக எழுதியிருப்பதால் மாதம் 200 ரூபாய் பக்கம் வித்தியாசம். ஆனால் இதில் ஒரு நியாயமும் பேச வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறவர். ஊறவைப்பது, அரைப்பது, கிரைண்டர் கழுவுவது எல்லாம் உங்கள் ஒருத்தர் தலையில் விழுமானால், அந்த 200 ரூபாயைக் கடைக்கே கொடுங்கள் என்பேன். ஞாயிற்றுக்கிழமை கணவரும் பிள்ளைகளும் கை கொடுப்பதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். வீட்டுப் பெண்ணின் முதுகை ஒடித்துக் காட்டும் கணக்கை நான் சேமிப்பு என்று எழுதமாட்டேன்.

ரேஷனைப் பற்றிக் கேட்டீர்கள். கணவர் "அதெல்லாம் நமக்கு எதற்கு" என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் அரிசி அட்டை இருக்கிறது. அதில் கிடைப்பது என்ன என்று கணக்காகவே பார்ப்போம். துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். சர்க்கரை ஆளுக்கு அரைக் கிலோ வீதம் நால்வருக்கு இரண்டு கிலோ, கிலோ 25 ரூபாய். அரிசி விலையில்லாமல். பருப்பிலும் எண்ணெயிலும் சர்க்கரையிலும் மட்டுமே வெளிச்சந்தை விலையோடு பார்த்தால் மாதம் 200 ரூபாய்க்குமேல் நிற்கிறது. அரிசியைச் சோற்றுக்கு விரும்பாவிட்டால் இட்லி தோசைக்கும் முறுக்குக்கும் போடுங்கள். மாதம் பத்துக் கிலோ அப்படிச் செலவானாலே இன்னொரு 400 ரூபாய். தமிழ்நாட்டில் ரேஷன் என்பது ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட திட்டம் அல்ல, எல்லோருக்குமான பொது விநியோகம். அட்டைக்கு உரியதை வாங்கிச் சமைத்துச் சாப்பிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாங்கி வெளியில் விற்பதுதான் தவறு.

இதோடு ஒன்று. ரேஷன் அரிசியில் சற்று மங்கலாக, தண்ணீரில் மிதக்கிற சில மணிகளைப் பார்த்து "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். அது செறிவூட்டிய அரிசி மணி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துச் செய்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் கலந்தது. பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம்.

காய்கறிக்கு மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று திறந்தது நம் அண்ணா நகரில்தான். பலகையில் அன்றைய விலை எழுதியிருக்கும். சில்லறைக் கடையைவிடக் குறைவாகவே இருக்கும். காலையில் போனால் நல்ல காய், முடியும் நேரத்தில் போனால் நல்ல விலை. அதற்காகத் தினமும் அலைய வேண்டாம், வாரம் ஒருநாள் போதும். கீரையையும் மல்லி, புதினாவையும் மட்டும் தெருவில் வரும் பாட்டியிடம் அன்றன்றைக்கு வாங்குங்கள். வாரத்துக்கு வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தால் பாதி அழுகிவிடும்.

தக்காளிக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க வேண்டிவந்தது. அந்த மாதம் எங்கள் கடையில் புளி விற்பனை கூடியது. கூடவைத்தவர்கள் வீட்டுப் பெரியவர்கள். தக்காளி ஏறினால் ரசத்துக்குப் புளி, கூட்டுக்குத் தயிர், சட்னிக்குப் பொரிகடலை என்று அவர்களுக்கு மாற்று தெரியும். மாசி, பங்குனியில் தக்காளி கிலோ 15, 20க்குக் கொட்டும்போது வாங்கி வதக்கித் தொக்காக வைத்துவிடுவார்கள். ஆனி, ஆடியில் ஏறும்போது வாங்கமாட்டார்கள். சின்ன வெங்காயம், முருங்கைக்காய் எல்லாம் அப்படித்தான். கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் ஒன்று 20, 25 ரூபாய் விற்கும்போதும் சாம்பாரில் அது இருந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு சாம்பாரே 100 ரூபாய் ஆகிவிடும். வாரத்துச் சமையலை முதலில் முடிவுசெய்துவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள். சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுச் சமையலை முடிவுசெய்யுங்கள்.

பாலுக்குச் சுருக்கமாக. ஆவின் மாத அட்டை போட்டால் கடை விலையைவிடக் குறைவு, பலர் போடுவதில்லை. காபிக்கும் தயிருக்கும் ஒரே நிறப் பாக்கெட் வேண்டும் என்பதில்லை. கொழுப்பு குறைந்த பாக்கெட்டை ஒன்று, நிறைந்ததை ஒன்று என்று பிரித்து வாங்கலாம்.

இப்போது நீங்கள் சொல்லாமல் விட்டதும் உங்கள் பட்டியலில் மறைந்திருப்பதுமான ஒன்று. ஆப்பில் போன மாதம் 14 தடவை வரவழைத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு தடவையும் தேவைப்பட்டது ஒரு பொருள்தான். கடுகு தீர்ந்தது, ரவை இல்லை, டீத்தூள் மறந்துபோனது. கடுகு 20 ரூபாய். டெலிவரி சார்ஜ் போகவேண்டும் என்றால் 200 ரூபாய்க்கு மேல் வாங்க வேண்டும் என்று திரை சொல்கிறது. அதற்காக 180 ரூபாய்க்கு வேறு பொருள் சேர்க்கிறோம். 14 தடவையில் தேவையில்லாமல் சேர்ந்தது தடவைக்கு 100 ரூபாய் என்று வைத்தாலும் 1,400 ரூபாய். இரண்டு சூப்பர் மார்க்கெட்டில் அலைந்து நீங்கள் மிச்சப்படுத்திய 60 ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் தேதி டப்பா பார்க்கும் பழக்கம் வந்தால் இந்த 14, மூன்றாகக் குறையும். மீதி மறதிக்குத் தெருமுனை அண்ணாச்சி கடை இருக்கிறது. அங்கே கடுகு 20 ரூபாய்க்குக் கடுகு மட்டும்தான் வரும். ஆனால் நோட்டுப் போட்டுக் கடன் வைக்காதீர்கள். நானே அந்த நோட்டுகளை எழுதியவன். கையில் காசு கொடுத்து வாங்குகிறவர் விலை கேட்பார், நோட்டில் எழுதச் சொல்கிறவர் கேட்பதில்லை. வாங்க வந்ததைவிட இரண்டு பொருள் கூடுதலாகவே எடுத்துப் போவார்.

மொத்தமாக எவ்வளவு குறையும் என்று நேராகச் சொல்லிவிடுகிறேன். 17,000 பாதியாகக் குறையாது. அப்படிச் சொல்கிறவர்கள் பிள்ளைகள் வயிற்றில் கைவைக்கச் சொல்கிறார்கள். ரேஷனில் 600, ஆப்பில் 1,000க்குமேல், பொடியிலும் மாவிலும் 300, வீணாவதும் எண்ணெயும் சேர்த்து ஒரு 400, தின்பண்டத்தில் நீங்கள் மனம்வைக்கும் அளவு. 14,500 ரூபாய்க்கு வருவது நடக்கக்கூடியது. முதல் மாதமே வராது, மூன்றாவது மாதம் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்வி, மொத்தமாக வாங்குவது. எல்லாவற்றையும் ஆறு மாதத்துக்கு வாங்கிப் போடுவது நஷ்டத்தில்தான் முடியும். ஆனால் சில பொருள்களுக்கு வருஷத்தில் ஒரு காலம் உண்டு. சம்பா நெல் அறுவடை தை, மாசியில். வடக்கிலிருந்து புதுத் துவரை வரத்தும் மார்கழி முதல் மாசி வரை. வரமிளகாயும் மல்லியும் புதிதாக இறங்குவது மாசி, பங்குனியில். ராமநாதபுரம் முண்டு மிளகாய் அந்தக் காலத்தில்தான் வரும். புளியும் அதே பருவம். டெல்டாவில் நெல் அறுத்த வயலில் விதைக்கும் உளுந்தும் பயறும் பங்குனி, சித்திரையில் கைக்கு வரும். நம் பாட்டிமார் சித்திரை வெயிலில் மாடி முழுக்கப் புளியும் மிளகாயும் காயப்போட்டது வேறெதற்கும் இல்லை. சரக்கு புதிது, விலை தணிவு, வெயில் இலவசம், மூன்றும் ஒன்றாகக் கூடும் காலம் அது ஒன்றுதான்.

ஆகவே வருஷத்துக்கு வாங்கத் தகுந்தவை புளி, வரமிளகாய், மல்லி, விரலி மஞ்சள், கல்லுப்பு. மூன்று மாதத்துக்கு வாங்கலாம் என்றால் துவரம்பருப்பு, உளுந்து, அரிசி. மாதத்துக்குமேல் வாங்கக்கூடாதவை நிலக்கடலை, ரவை, கோதுமை மாவு, பொரிகடலை, எண்ணெய் விதைகள். நிலக்கடலை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அது உடம்புக்கு ஆபத்து, கசப்பு தட்டினால் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதையுமே கூட்டி வாங்காதீர்கள். வாடகை வீட்டில் இடம் இல்லை என்றால் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து பத்துக் கிலோ மல்லி, ஐந்து கிலோ மிளகாய் என்று கீழமாசி வீதியில் எடுத்துப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். மொத்த விலை கிடைக்கும், வீட்டில் அடையாது.

வைக்கும் விதம் தெரியாமல் வாங்கிப் போட்டால் வண்டுதான் தின்னும். புளியைக் கொட்டை நீக்கி, நன்றாகக் காயவைத்து, கல்லுப்புத் தூவி மண் ஜாடியிலோ பீங்கான் ஜாடியிலோ அமுக்கி வையுங்கள். இரும்பு டப்பா கூடாது. அரிசிக்கும் பருப்புக்கும் இரண்டு துண்டு வசம்பை மெல்லிய துணியில் முடிந்து போடுங்கள், கூடவே நான்கு வரமிளகாய். ரவையை வாங்கியதும் வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்துவிட்டால் புழு வராது. வெயிலில் காயவைத்த எதையும் சூடு ஆறுவதற்குமுன் மூடாதீர்கள், உள்ளே வேர்த்து வீணாகிவிடும். புதுச் சரக்கைப் பழையதின் தலையில் கொட்டாமல், டப்பாவைக் காலிசெய்து துடைத்து, புதியதை அடியில் போட்டுப் பழையதை மேலே போடுங்கள்.